டேங்க் தெரியுதா?

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் ஹப்சிகுடா வீட்டில் ஜன்னல்களைச் சாத்துகிற வேலை தொடங்கிவிடும். மாசி பிறக்கும்வரை திறப்பதில்லை. திறந்தால் அம்மாவுக்கு மூச்சு முட்டும், சாத்தினால் எனக்கு. கூடத்து மூலையில் காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்று நாள் முழுக்க உறுமிக்கொண்டு நிற்கிறது. அதற்கும் அலுத்துப்போய் அவ்வப்போது சிவப்பு விளக்கு காட்டும். காலையில் என் மகள் செல்போனைப் பார்த்து அன்றைய காற்றின் நம்பரைச் சொல்வாள். நல்ல நம்பரா, கெட்ட நம்பரா என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். எதுவானாலும் சோறு பொங்க வேண்டும், அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆபீசுக்கு ஓட வேண்டும்.

இதற்கிடையில் ஊரிலிருந்து யாராவது போனில் கூப்பிட்டு, "ஹைதராபாத்ல இப்ப கிளைமேட் சூப்பரா இருக்குமே" என்பார்கள். ஆமாம், சூப்பர் என்று சொல்லி வைத்துவிடுவேன். மழை போய்க் குளிர் இறங்கிவிட்டால் இந்த ஊரில் காற்று நகராது, எரித்த குப்பையும் வண்டிப் புகையும் தலைக்கு மேல் மூடி போட்டாற்போல அப்படியே நிற்கும், வெயில் நன்றாக ஏறினால்தான் கொஞ்சம் கலையும் என்றெல்லாம் முன்பு விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும், "அது பனியா இருக்கும்ளா" என்பார்கள். இப்போது அந்தத் தெம்பும் இல்லை. இந்தப் புகையைப் பார்த்து முதன்முதலில் பனி என்று சொன்னவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். அவர் சொன்னபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன்.

அப்போது நாங்கள் ஹைதராபாத்தின் ஓரத்தில் ராமச்சந்திராபுரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு அங்கே பெரிய தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ், கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி குவார்ட்டர்ஸ் என்று எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள். எங்கள் வீடு மாடியில். அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே நின்றால் விளையாட்டு மைதானத்துக்கு அந்தப் பக்கம், குடியிருப்பு முழுவதற்கும் தண்ணீர் தருகிற பெரிய டேங்க் தெரியும். குளிர்காலத்தில் காலையில் எழுந்ததும் என் முதல் வேலை மாடிக்கு ஓடி அந்த டேங்கைப் பார்ப்பது. அம்மா படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, "டேங்க் தெரியுதா?" என்று கேட்பாள்.

டேங்க்கோடு, அதில் ஏறிப்போகும் இரும்பு ஏணியும் தெரிந்தால் நல்ல நாள். ஏணி தெரியாமல் டேங்க் மட்டும் மங்கலாக நின்றால் அன்றைக்கு வாசல் பெருக்குவது அப்பா, தாளிப்பது கிடையாது. டேங்க்கே தெரியவில்லை என்றால் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். கட்டிலில் தலையணைகளை அடுக்கி அம்மா சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி ஏறி இறங்கும். வேண்டியதை எல்லாம் கையைக் காட்டித்தான் சொல்வாள். எனக்கு என்னவோ, டேங்க் மறைந்துபோவதால்தான் அம்மாவுக்கு மூச்சு போகிறது, டேங்க் ஒழுங்காக நின்ற இடத்தில் நின்றால் ஒன்றும் வராது என்று ஒரு நினைப்பு. அதனால் அந்த டேங்க் மேல் கொஞ்சம் கோபமும் உண்டு.

அப்படிப்பட்ட நாளிலும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போய்விடுவாள். குடியிருப்புக்குள்ளேயே நடந்த நர்சரிப் பள்ளியில் அவள் டீச்சர். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவளும் வேலையில் சேர்ந்தாள். அதுவரை அவள் எனக்கு அம்மா, அப்பாவுக்கு 'ஏளா', மாமாவுக்குத் தங்கச்சி. வேலைக்குப் போன பிறகு காய்கறிக்காரர், பால்காரர், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் "டீச்சரம்மா" என்றார்கள். அப்படி யாராவது கூப்பிட்டால் அம்மா உடனே திரும்ப மாட்டாள். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருப்பாள். அது எனக்கே தெரியும்.

மாமா வந்த கதைக்கு வருகிறேன். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அம்மாவுக்கு இளைப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருந்தார்கள். அப்பா பயந்துபோய் எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமாவிடம் சொல்லிவிட்டார். மாமாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் பலசரக்குக் கடை. அம்மாவின் அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டதால் தங்கச்சியைத் தூக்கி வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக் கொடுத்தது எல்லாம் மாமாதான். எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். அப்பாகூட அவரிடம் போனில் பேசும்போது எழுந்து நின்றுதான் பேசுவார். அடுத்த பொங்கலுக்கு நேரில் வந்து பார்க்கிறேன் என்று மாமா அப்போதே சொல்லியிருந்தார். சொன்னபடி வந்தும் இறங்கினார்.

சிகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து அப்பா அவரை விடியற்காலையில் ஆட்டோவில் கூட்டிவந்தார். அரைக்கைச் சட்டை, வேட்டி, கையில், தங்கச்சிக்குப் பொங்கல் சீராகப் பொங்கப்படி சாமான்கள் திணித்த இரண்டு பை. அன்று டேங்க்கின் சுவடே இல்லை. எதிர் பிளாக்கின் மாடியைக்கூட ஊகித்துத்தான் பார்க்க வேண்டும். மாமா வாசலில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தார். முகம் சின்னப் பிள்ளை முகமாக மாறிவிட்டது.

"ஏயப்பா! ஊட்டில்லா இது! இப்படிப் பனி கொட்டுத ஊருலயா என் தங்கச்சிக்குக் காத்து சரியில்லேங்கிய?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பா வாயைத் திறந்தார். அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பார்வை பார்த்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு மஃப்ளரை நீட்டினார். மாமா அதை வாங்கவில்லை. பனிக்காற்று உடம்பில் படணும், படப்பட நல்லது என்றார்.

காப்பி குடித்துவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து தீர்ப்பையும் சொன்னார். "நான் என் கண்ணால பாக்கணும். பொங்கல் கழியுத வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். அதுக்குள்ள ஒரு இருமல், ஒரு இழுப்பு பாத்தேன்னு வையி, தங்கச்சியையும் மருமவளையும் கூட்டிட்டுப் போயிருவேன். மூணு பேருக்கும் திரும்ப டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். மாப்பிள்ளை லீவு கிடைக்கும்போது வந்து பாத்துக்கிடட்டும். நல்லா இருந்தாள்னா எனக்கென்ன, இருந்துட்டுப் போறா."

"வேலை இருக்கே அண்ணே" என்றாள் அம்மா.

"சின்னப் பிள்ளைகளுக்கு மூக்கு சிந்தி விடுததெல்லாம் ஒரு வேலையாளா? உசுரு பெருசா, அது பெருசா?"

அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்படியில் குனிந்து என் காதோடு காதாகச் சொன்னாள். மாமா இருக்கிறவரைக்கும் எல்லா நாளும் டேங்க் தெரியும் என்று.

"ஏணியுமா?" என்றேன்.

"ஏணியும்."

நிஜம் என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா, அதற்கும் ஒரு வழி வைத்தாள். நான் மாடியிலிருந்து "தெரியுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கி வர வேண்டும். உண்மையிலேயே தெரியாவிட்டால், வந்ததும் ஒன்றும் பேசாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊருக்குப் போவதில் எனக்கும் விருப்பம் இல்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் தமிழில் எழுதச் சொல்வார்கள். எனக்குத் தமிழில் 'அ' போடவே நாக்கு வெளியே வரும். அம்மா தமிழில் கேட்டால் நான் பாதி தெலுங்கு, பாதி இந்தி போட்டுப் பதில் சொல்கிற பிள்ளை.

அந்த வாரம் முழுக்க நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அலைந்தேன். மாமா, "என்ன பிள்ளை இது, இப்படித் தாய்மேல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு" என்று ஆச்சரியப்பட்டார்.

மாமாவோ அந்த ஊட்டியை விடுவதாக இல்லை. விடிந்ததும் விடியாததுமாக எழுந்து மைதானத்தைச் சுற்றி வேகநடை போட்டார். துப்புரவுக்காரர்கள் பாதையோரம் உதிர்ந்த இலைகளையும் பிளாஸ்டிக் பைகளையும் குவித்துக் கொளுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அதன் பக்கத்தில் நின்று கையைச் சூடு காட்டிக்கொள்வார். பிறகு மொட்டை மாடிக்கு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி. உள்ளே இழுத்து, நிறுத்தி, வெளியே விடுவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "ஏளா, மேல வா. இந்த மாதிரி காத்து நம்மூருல காசு கொடுத்தாலும் கிடைக்காது. வந்து நல்லா இழு" என்று அம்மாவையும் கூப்பிடுவார்.

அம்மா போவாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வெள்ளைப் புகையை அவர் சொல்லச்சொல்ல இழுப்பாள். முகத்தில் சிரிப்பு மாறாது. முடிந்ததும், "அடுப்புல பால் வச்சிருக்கேன் அண்ணே" என்று நிதானமாக எழுந்து, நிதானமாகப் படியிறங்கி, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் குழாயை முழுசாகத் திறந்துவிடுவாள். பக்கெட்டில் தண்ணீர் சோவென்று கொட்டும். அந்தச் சத்தத்துக்குள் அவள் இருமல் இருக்கும். வெளியே நின்று உரக்க வாய்ப்பாடு சொல்வது என் பொறுப்பு. எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம். அம்மாவுக்கு அது போதாத நாட்களில் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவேன். மாமா மாடியிலிருந்து கேட்டுவிட்டு, "மருமவ படிப்புல புலில்லா" என்று மெச்சுவார். மருந்து இழுக்கிற பம்பை அம்மா சலவை சோப்புப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கதவைத் திறந்து வெளியே வரும்போது கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கும். சோப்பு பட்டுவிட்டது என்பாள்.

எனக்கு அது பெரிய விளையாட்டு. நாங்கள் ஜெயித்துக்கொண்டே வருகிறோம் என்று குதூகலம். ஒருநாள் குழாய்த் தண்ணீர் நின்றபிறகு அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு தட்டியும் எழுந்து வரவில்லை. இன்னும் கொஞ்சம் வாய்ப்பாடு சொல்லட்டுமா என்று கேட்டேன். சொல்லு என்று கதவுக்குள்ளிருந்து ஒரு தட்டு தட்டினாள்.

போகி வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் போகிக்குக் கொளுத்துகிற வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. தெலுங்குக்காரர்களுக்கு அது பெரிய காரியம். விடியுமுன்னே பிளாக்குக்கு பிளாக் தெருவில் கட்டைகளை அடுக்கித் தீ வைத்து, வீட்டில் கிடக்கும் ஓட்டை உடைசலை எல்லாம் அதில் போடுவார்கள். மாமாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். பாஷை தெரியாவிட்டால் என்ன, பழைய சாமான் தூக்கிப் போடப் பாஷை எதற்கு? கீழ்வீட்டு ஆன்ட்டி வீட்டில் ரெக்சின் கிழிந்த சோபா ஒன்று வருஷக்கணக்காக வராந்தாவில் கிடந்தது. மாமாவும் இரண்டு பையன்களும் அதைத் தூக்கிவந்து நெருப்பின் நடுவில் போட்டார்கள். ரெக்சினும் உள்ளே இருந்த ஃபோமும் பற்றிக்கொண்டு கன்னங்கரேலென்று புகை கிளம்பியது. தெருவே பின்னால் நகர்ந்தது. மாமா மட்டும் நகரவில்லை. போகிப் புகை உடம்புக்கு நல்லது, பழைய சளியெல்லாம் போய்விடும் என்று முன்னால் நின்று இரண்டு கையாலும் புகையை முகத்தில் வாரிக்கொண்டார்.

பகல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. நெஞ்சைத் தடவினார். பிறகு இருமத் தொடங்கினார். இருமலென்றால் அப்படியொரு இருமல். மூச்சை உள்ளே இழுக்க முடியாமல் கண் பிதுங்கிவிட்டது. அப்பா ஷிஃப்டில் இருந்தார். அம்மா ஓடிப்போய் ஆட்டோ பிடித்துவந்து, மாமாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழியெல்லாம் மாமாவின் முதுகை நீவிக்கொண்டே வந்தாள். 

உள்ளே நுழைந்ததும் நர்சம்மா தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். பார்த்தவர் பெஞ்சில் சரிந்திருந்த மாமா பக்கம் போகவே இல்லை. மாஸ்க்கை எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் வந்தார். "ஏமம்மா, மள்ளீ ஒச்சிந்தா?" என்றார். திரும்ப வந்துவிட்டதா என்று கேட்கிறார். அம்மா அவசரமாகத் தலையாட்டி, தனக்கில்லை, அண்ணனுக்கு என்று தெலுங்கில் சொன்னாள். நர்சம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. நீட்டிய மாஸ்க்கையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

அதன்பின் எல்லாவற்றையும் அம்மாவே செய்தாள். எந்த நாற்காலியில் உட்கார்ந்தால் சாய்ந்துகொள்ள வசதி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மாஸ்க்கின் ரப்பரைக் காதுக்குப் பின்னால் எப்படிப் போட்டால் உறுத்தாது என்று தெரிந்திருந்தது. மருந்தைப் புகையாக்கித் தருகிற மெஷின் விட்டுவிட்டு ஓடியபோது அதன் மண்டையில் லேசாக ஒரு தட்டு தட்டினாள், சரியாகிவிட்டது. "வாயால இழுங்க அண்ணே. அவசரப்படாதீங்க. கை நடுங்கும், பயப்படாதீங்க, அது மருந்துனாலதான், கொஞ்ச நேரத்துல நின்னுரும்" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மாமாவின் கை நடுங்கத் தொடங்கியது. அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. டீச்சர் என்றால் சும்மாவா! மாமா மாஸ்க்குக்கு மேலே கண்ணை மட்டும் வைத்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துப் புகை பட்டு அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

மறுநாள் பொங்கல். மாமா அடங்கிப்போய், அப்பாவின் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சங்கராந்திக்கு ஹைதராபாத்தே மாடியில்தான் இருக்கும். எல்லா மாடியிலும் பட்டம். ஏற்றிவிட்ட கொஞ்ச நேரத்தில் பட்டம் அந்த வெள்ளைக்குள் போய் மறைந்துவிடும். பிறகு எல்லாரும் வெறும் நூலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்து நிற்பார்கள்.

அம்மாவின் வகுப்புப் பிள்ளைகள் சில பேர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அதிரசம் மாதிரியான அரிசெலு தட்டோடு டீச்சரைப் பார்க்க வந்தார்கள். கூட வந்த அம்மாக்கள் கீழே நின்றுவிட, பிள்ளைகள் மாடிக்கே ஏறி வந்துவிட்டன. வந்த வேகத்தில் ஒன்று அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டது, ஒன்று அவள் வளையலை எண்ணியது. பாட்டு, டீச்சர், பாட்டு என்று நச்சரித்தன. மேகத்தைப் பார்த்து மழை கேட்கிற ஒரு தெலுங்குப் பாட்டு. அம்மா ஒரு வரி பாடினாள். பாடிவிட்டு நிறுத்தினாள். அடுத்த வரியைப் பிள்ளைகள் பாடின. மூன்றாவது வரி அம்மா, நான்காவது பிள்ளைகள். நடுவில் ஓரிடத்தில் அம்மாவின் வரி வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தபடி சும்மா இருந்தாள். பிள்ளைகள் ஒன்றும் பதறவில்லை. டீச்சர் மூச்சு வாங்கி முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக் காத்திருந்துவிட்டு, அவள் தொடங்கியதும் தொடர்ந்தன.

"இந்தப் பாட்டே இப்படித்தானா?" என்று மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஹவ், ஆமா மாமா, இப்படித்தான். டீச்சர் ஒண்ணு, பிள்ளைங்க ஒண்ணு" என்றேன். அம்மாவின் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாட்டும் அப்படித்தான் என்று எனக்கு நினைப்பு.

சாயங்காலம் மாமா என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். ஊரில் அத்தையிடம் பேசினார். "எனக்குத்தான் இந்த ஊரு ஒத்துக்கிடல. அவளுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா... ஆமா, இருமலா, நான் கேக்கலயே... நான் மட்டும்தான் வாரேன்" என்றார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ராத்திரியே எங்களுக்காகக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து துணிகளைக் கட்டில்மேல் எடுத்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது சில நாள் எனக்கு மாமா மேல் ஆத்திரமாக வரும். அம்மா கட்டிலிலிருந்து பாத்ரூம் போக வழியில் இரண்டு இடத்தில் நின்று நின்று போகிறாளே, அதைப் பார்க்கும்போது வரும். அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஊரில் காற்றாவது மிஞ்சியிருக்கும். இதை ஒருமுறை அம்மாவிடம் சொல்லியும்விட்டேன். "போடி, போ" என்றாள். அவளிடம் படித்த பிள்ளைகள் பேரப்பிள்ளை எடுக்கிற காலம் வரப்போகிறது. இன்னமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வழியில் நடுவயது ஆள் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு "டீச்சர்" என்று ஓடிவருவார். அம்மா இன்னமும் இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் திரும்புகிறாள். நான் யாரிடம் போய்ச் சண்டை போட? மாமாவும் இப்போது இல்லை.

அவர் ஊருக்குப் போன அன்று காலை எழுந்து மாடிக்கு ஓடினேன். ராத்திரியெல்லாம் சங்கராந்திக்கு வெடித்த வெடியும், எங்கெங்கோ எரித்த நெருப்புமாகச் சேர்ந்து, அப்படி ஒரு வெள்ளையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. டேங்க்கை விடுங்கள், மைதானம் இல்லை, எதிர் பிளாக் இல்லை, எங்கள் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. மாமா எனக்கு முன்னமே வந்து நின்றுகொண்டிருந்தார். மூச்சுப் பயிற்சி எல்லாம் இல்லை. மஃப்ளரால் மூக்கை மூடியிருந்தார்.

"மருமவளே, தினமும் பாக்கியே அந்த டேங்க், அது எங்க இருக்கு?" என்றார்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு நான் காட்டிய பக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குத் திக்கென்றது. எப்படியும் "தெரியுது" என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் மாமா நிற்கிறார், அவர் கண் முன்னால் ஒன்றும் இல்லை. பொய் என்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

கீழே படிக்கட்டின் அடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "டேங்க் தெரியுதா?"

 நான் வாயைத் திறப்பதற்குள் மாமா மஃப்ளரை இறக்கிவிட்டுக் குரல் கொடுத்தார்.

"தெரியுதுளா! பளிச்சுன்னு தெரியுது. ஏணியும் தெரியுது."

ஏணியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. அடுப்படியில் "ஏணியுமா?" என்று நான் சொன்னது கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்டிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நான் மறுபடி அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளைதான். மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. புகை உறுத்துகிறது, அதுதான் எதையோ பார்த்துவிட்டு டேங்க் என்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

கீழே ஓடினேன். அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் ஏற்பாட்டின்படி ஒன்றும் பேசாமல் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்துகொண்டிருந்த மாமாவைப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளைக் குனியவைத்துக் காதில், "மாமாவுக்குக் கண்ணாடி மாத்தணும்மா" என்றேன்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலே இருமலாகிவிட்டது. குழாயும் இல்லை, கதவும் இல்லை, நான் வாய்ப்பாடு தொடங்குவதற்கும் நேரமில்லை. படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து, ஒரு வாரத்து இருமலையும் சேர்த்து இருமித் தீர்த்தாள். மாமா எங்களைக் கடந்து நேரே உள்ளே போய், ஏற்கெனவே கட்டியிருந்த பையை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினார். இரண்டு அடி தூரம்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணோடு காதும் போய்விட்டது போலிருக்கிறது மாமாவுக்கு என்று எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.